கடல் கடந்து வந்த கதை

உரைநடை

நுழையும்முன்

ஒரு கதை நாடு விட்டு நாடு செல்லும்போது எவை மாறுகின்றன? எவை மாறாமல் நிற்கின்றன? இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எழுதிய புதினம், 2000ஆம் ஆண்டில் தமிழ்த் திரைப்படமாக வடிவெடுத்தது. பிறந்து வளர்ந்த வீட்டை இழந்த இரு சகோதரியர், அவர்தம் காதல், அவர்களோடு உடன் சென்ற இசை ஆகியவற்றைப் பற்றிய கதை அது. முதற்கதையையும் அதன் தமிழ் வடிவத்தையும் இப்பாடம் ஒருங்கே வைத்து நோக்குகிறது.

முதல்நூலும் வழிநூலும்

பழைய கதையைப் புதிதாகச் சொல்லுதல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்துகிறது. ஒருவர் தாமே முதலில் இயற்றுவது முதல்நூல். அதனைப் பின்பற்றி மற்றொருவர் இயற்றுவது வழிநூல். தொகுத்துச் சொல்லுதல், விரித்துச் சொல்லுதல், தொகுத்தும் விரித்தும் சொல்லுதல், மொழிபெயர்த்துச் சொல்லுதல் என வழிநூல் நான்கு வகைப்படும். வான்மீகி வடமொழியில் பாடிய இராமகாதையைக் கம்பர் தமிழில் பாடினார். கதை கோசல நாட்டில் நிகழினும், கம்பர் காட்டும் ஆறும் வயலும் தமிழ்நாட்டு ஆறும் வயலுமாகவே விளங்குகின்றன.

இத்தகைய ஆக்கத்தை இக்காலத்தார் 'தழுவல்' என்பர். இராஜீவ் மேனன் இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்னும் திரைப்படம் ஒரு தழுவலே. ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார். எழுத்தாளர் சுஜாதா உரையாடல் எழுதினார். வைரமுத்து பாடல்களை இயற்றினார். பாரதியாரின் பாடல் ஒன்றும் அதில் இடம்பெற்றது. இப்படத்தின் முதற்கதை, ஜேன் ஆஸ்டின் எழுதிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' என்னும் ஆங்கிலப் புதினம். அப்பெயரை 'அறிவும் உணர்வும்' எனத் தமிழில் கூறலாம்.

விற்கப்பட்ட பியானோ

ஜேன் ஆஸ்டின் 1775ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்தின் குருவாக இருந்தார். ஜேனுக்கு உடன்பிறந்த ஆண்கள் அறுவர், அக்காள் ஒருவர். அவ்வக்காளின் பெயர் கசாண்ட்ரா.

1801ஆம் ஆண்டில், ஜேனின் 25ஆம் வயதில், தந்தையார் பணியிலிருந்து விலகிப் பாத் நகருக்குக் குடிபெயர்ந்தார். வீட்டிலிருந்த நூல்கள், அறைகலன்கள் ஆகியவற்றோடு ஜேன் வாசித்து வந்த பியானோவும் விற்கப்பட்டது. 1805இல் தந்தையார் மறைந்தார். தாயும் மகளிர் இருவரும் ஆண்மக்களின் உதவியை எதிர்நோக்கி வாழ வேண்டியவராயினர். 1809இல் அண்ணன் எட்வர்ட், சாட்டன் என்னும் ஊரில் தமக்குரிய ஒரு வீட்டை அவர்களுக்கு அளித்தார். எட்டாண்டு அலைச்சலுக்குப்பின் கிடைத்த அவ்வீட்டில் ஜேன் மீண்டும் ஒரு பியானோவைப் பெற்றார். காலை உணவிற்கு முன் தனியே அமர்ந்து வாசிப்பதை வழக்கமாகக் கொண்டார். அவரும் குடும்பத்தாரும் தம் கையாலேயே படியெடுத்து வைத்த இசைச்சுவடிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

இளமையில் எழுதத் தொடங்கிய கதையை ஜேன் அவ்வீட்டில் இருந்தபோது செப்பம் செய்து வெளியிட்டார். 1811ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. ஒரு பெண்மணி எழுதியது என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. நட்டம் நேரின் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டுதான் ஜேன் நூலை வெளியிட்டார். நட்டம் நேரவில்லை. முதற்பதிப்பு முழுதும் விற்று, அவருக்கு 140 பவுண்டு வருவாய் கிடைத்தது.

மூவாயிரத்திலிருந்து மீன் வரை

புதினத்தில் வரும் டாஷ்வுட் குடும்பம் நார்லண்ட் என்னும் பெரிய மாளிகையில் வாழ்கிறது. தந்தை இறக்கிறார். பழைய உயில் ஒன்றின்படி மாளிகையும் நிலமும் அவருடைய முதல் மனைவியின் மகன் ஜானின் வசமாகின்றன. இரண்டாம் மனைவிக்கும், எலினார், மேரியான், மார்கரெட் என்னும் அவருடைய மகளிர் மூவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 500 பவுண்டு மட்டுமே எஞ்சுகிறது. தங்கையரைக் கைவிடேன் எனச் சாகும் தந்தைக்கு ஜான் வாக்களிக்கிறான்.

அவ்வாக்குத் தேய்ந்த கதை நகைப்புக்கும் வருத்தத்திற்கும் ஒருசேர உரியது. தங்கையர் ஒவ்வொருவருக்கும் 1000 பவுண்டு வீதம் 3000 பவுண்டு தர ஜான் எண்ணுகிறான். பாதி போதாதா என்கிறாள் மனைவி ஃபேனி. அவ்வாறே 500 ஆகக் குறைகிறது. பின்பு, தங்கையருக்கு ஒன்றும் வேண்டா, தாய்க்கு ஆண்டுதோறும் 100 பவுண்டு தரலாம் என மாறுகிறது. அவர் நெடுநாள் வாழ்ந்துவிட்டால் என் செய்வது என்று ஃபேனி அஞ்சுகிறாள். எனவே அவ்வப்போது 50 பவுண்டு எனச் சுருங்குகிறது. இறுதியில், வீடு மாறும்போது சாமான்களைத் தூக்க உதவுவதும், பருவத்தில் சிறிது மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்புவதுமே போதும் என முடிவாகிறது. ஒருவரும் உரத்துப் பேசவில்லை. சினந்து கொள்ளவும் இல்லை. சற்று நேர உரையாடலில் நால்வரின் வாழ்வாதாரம் கரைந்து போகிறது.

தாயும் மகளிரும் நார்லண்டை விட்டு நீங்கி, டெவன்ஷயரில் பார்ட்டன் என்னும் இடத்தில் ஒரு சிறு வீட்டில் குடியேறுகின்றனர். துணிமணிகள், பாத்திரங்கள், நூல்கள் ஆகியவற்றோடு மேரியானின் பியானோவும் நீர்வழியே அனுப்பப்படுகிறது. மாளிகை போயிற்று, பியானோ மட்டும் உடன் வந்தது.

செவி கொடுத்தவர்

அக்காள் எலினார் 19 வயதினள். உணர்ச்சிகளை உள்ளத்துள் அடக்கி, குடும்பத்தின் வரவு செலவைப் பார்ப்பவள். இசையில் அவளுக்கு நாட்டமில்லை, ஓவியம் தீட்டுவாள். தங்கை மேரியான் 16 வயதினள். மகிழ்ச்சியாயினும் துயராயினும் அவளிடம் அளவுக்கு உட்பட்டு நில்லாது. தான் விரும்பும் நூல்களையும் இசையையும் அதே அளவு விரும்பும் ஒருவனையே மணப்பேன் என்பது அவள் கொள்கை.

பார்ட்டனுக்கு வந்த புதிதில், உறவினர் வீட்டு விருந்தொன்றில் மேரியான் பியானோ வாசித்துப் பாடுகிறாள். வீட்டுத் தலைவர் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் உரக்கப் புகழ்கிறார். பாட்டு நடக்கும்போதே அதே அளவு உரக்கப் பேசிக்கொண்டும் இருக்கிறார். அவர் மனைவி, மேரியான் சற்றுமுன் பாடிய பாட்டையே மீண்டும் பாடுமாறு வேண்டுகிறார். அங்கிருந்தோருள் கர்னல் பிராண்டன் ஒருவரே வாய் திறவாமல் செவி கொடுத்துக் கேட்கிறார். அவருக்கு 35 வயது. மேரியானின் கண்ணுக்கு அவர் முதியவர். குளிருக்கு அஞ்சிக் கம்பளி அணிபவர். எனவே அவள் அவரை மதித்தாளேயன்றி மனத்தில் கொள்ளவில்லை.

ஒரு நாள் மழையில் குன்றிலிருந்து ஓடி இறங்கும்போது கால் பிசகி விழுந்த மேரியானை, வில்லோபி என்னும் இளைஞன் தூக்கி வந்து வீடு சேர்க்கிறான். அவள் விரும்பும் நூல்கள் அனைத்தையும் அவனும் விரும்புகிறான். இருவரும் சேர்ந்து பாடுகின்றனர். மேரியான் வைத்த தேர்வில் அவன் முழு மதிப்பெண் பெறுகிறான். எனினும், பணமுடை வந்தபோது அவளைக் கைவிட்டு, 50,000 பவுண்டு உடைய வேறொரு பெண்ணை மணந்து கொள்கிறான். அவன் பிரிந்து சென்றது முதல் மேரியான் இருவரும் சேர்ந்து பாடிய பாட்டுகளையே பியானோவில் மீண்டும் மீண்டும் வாசித்து அழுகிறாள். ஆறுதல் தரவேண்டிய இசை, புண்ணைக் கிளறும் கருவியாகிவிடுகிறது.

எலினாருக்கும் துயர் இல்லாமல் இல்லை. அவள் விரும்பும் எட்வர்ட், முன்னரே வேறொருத்திக்கு மணவாக்கு அளித்தவன் என்பதை அப்பெண் வாயிலாகவே அறிகிறாள். எவரிடமும் கூறேன் என்று தந்த சொல்லுக்காக நான்கு திங்கள் அதைத் தன்னுள்ளேயே சுமக்கிறாள். உண்மை வெளிப்பட்டபோது, தன் துயரையே பெரிதாக எண்ணியிருந்த மேரியான் நாணுகிறாள். வாய்விட்டு அழாதவர் துன்பப்படாதவர் அல்லர் என்பதை அவள் அன்று உணர்கிறாள்.

பின்னர் மேரியான் கடுங்காய்ச்சலுற்று உயிருக்குப் போராடுகிறாள். அப்போது இரவோடிரவாகச் சென்று அவள் தாயை அழைத்து வருபவர் பிராண்டனே. அவர்பால் மேரியான் கொண்ட மதிப்பு நட்பாகி, மெல்ல மெல்ல அன்பாக மலர்கிறது. எட்வர்டும் தன் பழைய வாக்கிலிருந்து விடுபட்டு எலினாரை மணக்கிறான்.

காரைக்குடி முதல் சென்னை வரை

இக்கதையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தபோது நார்லண்ட் மாளிகை, காரைக்குடிப் பகுதியின் பெரிய வீடாக மாறுகிறது. எலினார் சௌம்யா ஆகிறாள். மேரியான் மீனாட்சி ஆகிறாள். தபுவும் ஐசுவர்யா ராயும் அப்பாத்திரங்களில் நடித்தனர். நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் தாத்தாவைத் தாயும் மகளிரும் பேணுகின்றனர். அவர் இறந்தபின், முன்னொரு காலத்தில் எழுதப்பட்ட உயில் வெளிப்படுகிறது. தம் விருப்பத்திற்கு மாறாக மணம் புரிந்த மகள்மேல் சினந்து, சொத்து முழுவதையும் மகனுக்கு எழுதியிருக்கிறார் தாத்தா. குடும்பம் சென்னைக்குப் பெயர்கிறது.

இங்கிலாந்தின் நாட்டுப்புற வாழ்வில் பொருந்திய செய்திகள் பல 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டில் பொருந்தமாட்டா. எனவே தழுவியோர் அவற்றுக்கு ஈடானவற்றைத் தேடினர். வில்லோபியின் இடத்தில் வரும் ஸ்ரீகாந்த் நிதி நிறுவனம் நடத்துபவன். 1990களில் தமிழ்நாட்டில் மக்களிடம் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் பல முறிந்தன. ஸ்ரீகாந்தின் நிறுவனமும் முறிகிறது. தன்னைக் காப்பாற்ற முன்வந்த அமைச்சரின் மகளை மணக்க அவன் இசைகிறான். எட்வர்டின் இடத்தில் வரும் மனோகர், திரைப்பட இயக்குநராக விரும்பும் இளைஞன். பிராண்டனின் இடத்தில் வரும் பாலா, இராணுவத்தில் பணியாற்றிப் போரில் ஒரு காலை இழந்தவர். மம்முட்டி அப்பாத்திரத்தை ஏற்றார்.

மாறாது நிற்பது கதையின் முடிச்சு. மேரியான் தான் விரும்பிய நூல்களைக் கொண்டு மனிதரை அளந்தாள். மீனாட்சி பாரதியாரின் கவிதைகளைக் கொண்டு அளக்கிறாள். ஸ்ரீகாந்துக்குப் பாரதியின் வரிகள் தெரியும். அது ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. கவிதையை அறிந்திருப்பதும் அக்கவிதைக்குத் தக வாழ்வதும் ஒன்றல்ல என்பதை அவள் பின்னரே அறிகிறாள். இங்கிலாந்துக் கதையின் உயிர்நாடியை இவ்வாறு தமிழ்க் கவிஞர் ஒருவர் வழியாகத் துடிக்கச் செய்ததே இத்தழுவலின் சிறப்பு. பாரதியை இடையில் வைத்ததனால் மேரியானின் கதை மீனாட்சிக்கே உரிய கதையாகிறது.

அணிகலன் தொழிலாதல்

இரு கதைகளிலும் இசை உண்டு. ஆனால் அது செய்யும் பணி வேறு. ஜேன் ஆஸ்டின் காலத்தில் உயர்குடிப் பெண்கள் இசை கற்றது அணிகலன் பூணுதலைப் போன்றது. விருந்தினர் முன் வாசிக்கலாம். அதனால் பொருள் ஈட்டுதல் அக்குடிப்பெண்ணுக்குத் தகுதியாகக் கருதப்படவில்லை. வீட்டை இழந்தபின்னும் எலினாரும் மேரியானும் வேலை தேடிச் செல்லவில்லை. செல்ல வழியும் இல்லை. உறவினர் அளிக்கும் இருப்பிடத்தையும் திருமணத்தையும் நம்பியே அவர்கள் வாழ்ந்தனர்.

சௌம்யாவும் மீனாட்சியும் வாழும் காலம் வேறு. சென்னையில் தொடக்கத்தில் வறுமை வாட்டுகிறது. சௌம்யா பல நேர்காணல்களுக்குப்பின் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்து, தன் கல்வியால் நிரலாளராக உயர்கிறாள். மீனாட்சி, பாலாவின் உதவியுடன் திரைப்படப் பின்னணிப் பாடகியாகிறாள். மேரியானுக்கு அழுகையின் துணையாக இருந்த இசை, மீனாட்சிக்கு ஊதியம் தரும் தொழிலாகிறது. இருநூறு ஆண்டுகளில் பெண்களின் வாழ்வில் நிகழ்ந்த மாற்றம் இந்த ஒரு மாற்றத்தில் புலப்படுகிறது. தன் எழுத்தால் 140 பவுண்டு ஈட்டிய ஜேன் ஆஸ்டினின் வாழ்வுக்கு, மேரியானைவிட மீனாட்சியே நெருங்கியவள் எனலாம்.

தன் முதற்பாட்டின் ஒலிப்பதிவு முடிந்த நாளிலேயே மீனாட்சி, ஸ்ரீகாந்தை அவன் மணக்கவிருக்கும் பெண்ணுடன் காண்கிறாள். துயரில் நிலைதடுமாறிச் செல்பவள், மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழியில் விழுகிறாள். மேரியானின் காய்ச்சலுக்கு ஈடாகத் தழுவியோர் கண்ட நிகழ்ச்சி இது. அவளை மீட்பவர் பாலா. நெடுநாளாகத் தன் பாட்டுக்குச் செவி கொடுத்தவர் யார் என்பதை அவள் அப்போது கண்டுகொள்கிறாள். சௌம்யாவும் மனோகரும் பிணக்கு நீங்கி மணம் புரிகின்றனர்.

திரைப்படத்தில் பாட்டு மற்றொரு பணியும் செய்கிறது. புதினத்தில் பாத்திரங்களின் உள்ளத்தை ஆசிரியரே எடுத்துரைக்கிறார். திரையில் அவ்வாறு எடுத்துரைப்பார் இலர். சொல்ல இயலாததைப் பாட்டு சொல்கிறது. மறுமொழிக்காகக் காத்திருக்கும் உள்ளத்தின் தவிப்பை 'என்ன சொல்லப் போகிறாய்' என்னும் பாட்டு வெளியிடுகிறது. அதைப் பாடிய சங்கர் மகாதேவன் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

கதை ஊர் மாறுகிறது. பாத்திரங்களின் பெயர் மாறுகிறது. பியானோ இருந்த இடத்தில் ஒலிவாங்கி நிற்கிறது. ஆயினும் இரு கதைகளும் கேட்கும் வினா ஒன்றே. உடன் பாடுபவர் பலர் இருப்பர். பாடும்போது பேசாமல் கேட்பவர் யார்? அவ்வினாவுக்கு விடை காண மேரியானுக்கு ஒரு காய்ச்சலும் மீனாட்சிக்கு ஒரு வீழ்ச்சியும் தேவைப்பட்டன.

அறிந்துகொள்வோம்

ஜேன் ஆஸ்டினின் பிற புதினங்களும் பல நாடுகளில் திரைவடிவம் பெற்றுள்ளன. அவருடைய 'எம்மா' என்னும் புதினத்தைத் தழுவி 1995இல் அமெரிக்காவில் 'க்ளூலெஸ்' என்னும் படமும், 2010இல் தில்லியைக் களமாகக் கொண்டு 'ஆயிஷா' என்னும் இந்திப் படமும் வெளிவந்தன.

சொல்லும் பொருளும்

உயில் – இறப்புக்குப்பின் தம் சொத்து யாரைச் சேரவேண்டும் என எழுதிவைக்கும் ஆவணம்
அறைகலன் – வீட்டில் பயன்படும் நாற்காலி, மேசை, கட்டில் முதலியன
செப்பம் செய்தல் – பிழை நீக்கித் திருத்துதல்
வாழ்வாதாரம் – வாழ்வதற்கு அடிப்படையான பொருள்
பணமுடை – பணத் தட்டுப்பாடு
நிரலாளர் – கணினிக்கான கட்டளைகளை எழுதுபவர்
பிணக்கு – மனவேறுபாடு

மதிப்பீடு

அ. பிரித்து எழுதுக.
1. புதியதன்று
2. பாட்டறிந்தவன்
3. இரவோடிரவாக

ஆ. குறுவினா
1. வழிநூல் எத்தனை வகைப்படும்? அவை யாவை?
2. 1801ஆம் ஆண்டில் ஜேன் ஆஸ்டினின் குடும்பத்தில் நிகழ்ந்த மாற்றம் யாது?
3. மேரியான் பாடியபோது கர்னல் பிராண்டன் மற்றவர்களிடமிருந்து எவ்வாறு வேறுபட்டார்?

இ. சிறுவினா
1. ஜான் தன் தந்தைக்கு அளித்த வாக்கு எவ்வாறு படிப்படியாகத் தேய்ந்தது?
2. வில்லோபிக்கும் ஸ்ரீகாந்துக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.

ஈ. நெடுவினா
'இசை மேரியானுக்கு அணிகலன், மீனாட்சிக்குத் தொழில்.' இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

உ. சிந்தனை வினா
துன்பத்தை வெளிக்காட்டும் மேரியான், அடக்கிக்கொள்ளும் எலினார் ஆகிய இருவருள் யாருடைய இயல்பு உனக்கு ஏற்புடையது? காரணம் கூறுக.

கற்பவை கற்றபின்

1. ஊரைவிட்டு இப்போது வாழும் நகரத்திற்கு வந்தபோது எப்பொருளை மறவாமல் எடுத்து வந்தனர், எதை விட்டு வந்தனர் என்பதை உன் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக. அவர்கள் பேசி முடிக்கும்வரை இடைமறிக்காமல் கேட்க.
2. நீ அறிந்த தமிழ்க் கதை ஒன்றை, நீ வாழும் நகரத்தில் நடப்பதாக மாற்றி எழுதுக. எவற்றை மாற்றினாய், எதை மாற்றவில்லை என்பதை இறுதியில் இரண்டு தொடர்களில் குறிப்பிடுக.